பலாபத்வலயில் ஓடிப்போன பிள்ளை

இலங்கையின் பலாபத்வல பஸ் நிறுத்தத்துத் தேநீர்க் கடையில், ஐம்பத்தைந்து வயதான மூன்றாம் வகுப்பு மாணவர் ஒருவர் பிளேன்டி குடித்துக்கொண்டிருக்கிறார். அவரைப் பிடிக்கத்தான் இந்த வெயிலில் ஓடி வருகிறேன்.

ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் விரிவுரையாளர்களுக்குப் புதிய கற்பித்தல் முறைகளைச் சொல்லித்தர மதுரையிலிருந்து வந்தவன் நான். காலையில் ஆளுக்கொரு சீட்டைக் கொடுத்து, அதில் எழுதியிருக்கும் பிள்ளையாக நடிக்கச் சொன்னேன். ஒருவர் விக்கி விக்கி அழுதார். ஒரு அம்மையார் பக்கத்தில் இருந்தவரைக் கிள்ளினார். ராமையா சாருக்கு வந்தது, ‘பாடம் சலித்தால் ஓடிவிடும் பிள்ளை’. இருபதாவது நிமிடம் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

“சார், நடிப்பு முடிஞ்சிடுச்சு. வாங்க போகலாம்.”

“இப்பிடிக் கூப்புட்டா பிள்ளை வருமாங்க சேர்? ஆசை காட்டிக் கூப்புடணும். பகல் சாப்பாட்டுக்குப் பொறகு என்ன வச்சிருக்கீங்க?”

எனக்குப் பொய் வரவில்லை.

“பிள்ளைங்களுக்குச் சலிக்காம பாடம் நடத்துறது எப்படின்னு ஒரு லெக்சர். ரெண்டு மணி நேரம்.”

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறார். கிளாஸைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, மாத்தளை பஸ்ஸுக்குக் கை காட்டுகிறார். பஸ் நிற்கிறது.

“கொஞ்சம் நில்லுங்க!” என்று எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். திரும்பிப் பார்க்கிறேன். அழுத பிள்ளை, கிள்ளிய பிள்ளை, இன்னும் ஏழெட்டுப் பிள்ளைகள், பைகளோடு ரோட்டைக் கடந்து ஓடி வருகிறார்கள்.

ஓடிப்போகும் சீட்டை நான் ஒருவருக்குத்தான் கொடுத்திருந்தேன்.