சனிக்கிழமைக்காரர்களும் கறாரும்

கடற்கரைச் சாலை முடிகிற இடத்தில் மளிகைக் கடை வைத்திருப்பவளுக்கு ஊர் வைத்த பேர் ‘கறார்’. விலையிலும் பேரம் கிடையாது, பேச்சிலும் கிடையாது. புருஷன் சரக்குக் கப்பலில் சமையல்காரன். வருஷத்தில் பாதி நாள் தண்ணீரில்தான். கடையும் வீடும் அவள் கையில்.

அந்த ஊரில் பல வீடுகள் பூட்டியே கிடக்கும். நகரத்துக்காரர்கள் வாங்கிப் போட்டவை. சனிக்கிழமை வருவார்கள், ஞாயிறு சாயங்காலம் கிளம்பிவிடுவார்கள். “இந்த வாரம் எத்தனை சனி பிடிச்சிருக்கு?” என்று கேட்டு ஊர் சிரிக்கும். அவளும் சேர்ந்து சிரித்தவள்தான். கார் நிறையச் சாமான் ஏற்றிக்கொண்டு வந்து, அவள் கடையில் உப்பும் தீப்பெட்டியும் மட்டும் வாங்குகிறவர்கள்மேல் என்ன பாசம் இருக்கும்?

தொற்று பரவியது. ஊரடங்குக்கு முந்தின நாள் பல் டாக்டர் ஒருவரும் அவர் மனைவியும் தங்கள் கடற்கரை வீட்டில் வந்து இறங்கினார்கள். மறுநாளே கறாரின் தம்பி ஆள் சேர்த்துக்கொண்டு ஆற்றுப் பாலத்தருகே சாலைக்குக் குறுக்கே இரும்புக் குழாயைக் கட்டினான். டாக்டரை ஊர் திரும்பிப் போகச் சொன்னது. அதே ராத்திரி யாரோ அவர் காரின் சக்கரங்களில் காற்றைப் பிடுங்கிவிட்டார்கள். போகச் சொல்லிவிட்டு, போக முடியாமலும் செய்த அந்தப் புத்திசாலி யாரென்று இன்றுவரை தெரியவில்லை.

டாக்டரின் மனைவி பையோடு கடைக்கு வந்தாள். வரிசையில் நின்றவர்கள் சட்டென்று விலகினார்கள்.

“கொண்டுவந்த நோயோட திரும்பிப் போங்க” என்றார் படகு மெக்கானிக்.

“இருபது வருஷமா இங்க வீடு வெச்சிருக்கோம்.”

“வீடு மட்டும்தானே வெச்சிருக்கீங்க?”

கறார் குறுக்கே பேசவில்லை. “நாளைக்குப் பாக்கலாம்மா” என்று மட்டும் சொன்னாள். அந்த அம்மா காலிப் பையோடு நடந்தாள்.

மத்தியானம் புருஷன் போன் செய்தான். “எந்தத் துறைமுகத்துலயும் இறங்க விடல. தூர நின்னே போ, போன்னு கை காட்டுறாங்க. எங்களுக்கு என்ன கொம்பா முளைச்சிருக்கு?”

போனை வைத்துவிட்டு அவள் கடைக்குள் போனாள். மாவு, எண்ணெய், முட்டை, சோப்பு என்று இரண்டு பையை நிரப்பினாள். எல்லோரும் பார்க்க நடுத்தெருவிலேயே தூக்கிக்கொண்டு போய் டாக்டர் வீட்டு வாசலில் வைத்தாள்.

“ரெண்டு வாரம் வெளியே தலைகாட்டாதீங்க. வேணுங்கிறதை போன்ல சொல்லுங்க, நான் கொண்டுவரேன்.”

ஜன்னலுக்குள்ளிருந்து டாக்டரின் மனைவி கேட்டாள்: “ஊர் உங்களை எதுவும் சொல்லாதா?”

“சொல்லும். அதுக்குத்தானே ஊரு.”

தம்பி பாய்ந்து வந்தான். “அக்கா, அவங்களுக்குச் சாமான் குடுத்தா ஒருத்தரும் உன் கடைப்படி மிதிக்க மாட்டோம்!”

“மிதிக்காதீங்க. அடுத்த கடை ஆத்துக்கு அந்தப் பக்கம். போகணும்னா நீ கட்டின குழாயை நீயேதான் அவுக்கணும்.”

அவள் குரலைத் தணித்தாள். “உன் மாமாவை எவனும் கரையேத்த மாட்டேங்குறான்டா. அங்கயும் உன்னை மாதிரி ஒருத்தன் நிக்கிறான். அவனுக்கும் ஒரு அக்கா இருந்தா நல்லாயிருக்கும்.”

சில நாள் கடையில் ஈ ஓட்டினாள். பிறகு மெக்கானிக்கின் மனைவி சோப்புக்கு வந்தாள். அவளைப் பார்த்து ஒவ்வொருவராக வந்தார்கள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. கெடு முடிந்து டாக்டரின் மனைவி வரிசையில் வந்து நின்றபோது ஒருவரும் பேசவில்லை. ஆனால் ஒருவரும் விலகவும் இல்லை.

மழைக்கு முன்னால் புருஷன் ஊர் வந்து சேர்ந்தான். டாக்டர் நகரத்துக்குத் திரும்பவில்லை. முன்னறையில் சாய்வு நாற்காலி போட்டுப் பல் பார்க்க ஆரம்பித்துவிட்டார். தம்பிகூடப் போய்ப் பல் பிடுங்கிக்கொண்டான். மெக்கானிக் மட்டும் வீம்பாக வெளியூருக்குத்தான் போகிறார்.

“போகட்டும், பல்லு அவரோடதுதானே” என்கிறாள் கறார்.