பொம்மசந்திரா டீக்கடை பெஞ்சில் ஒரு டவுன்லோட்

இரும்பு கடையும் மெஷினில் ஊற்றும் கட்டிங் ஆயில் வாசனை... எங்கே அடித்தாலும் எனக்கு பெங்களூரு பொம்மசந்திரா ஃபேக்டரிதான் ஞாபகம் வரும். விவேக் நகர் வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தாலும் போகாத வாசனை அது.

வேலைக்குச் சேர்ந்த புதிது. எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு சின்ன கம்பெனி. ப்ரொபேஷன் முடியப் போகிறது... வைத்துக்கொள்வார்களா, "ஆல் த பெஸ்ட்" சொல்லி வழியனுப்புவார்களா, தெரியாது. அந்த நேரம் பார்த்து எங்கள் டீம் லீட் ஒரு பென் டிரைவைக் கையில் கொடுத்து ஃபேக்டரிக்கு அனுப்பினார். உதிரி பாகங்களில் கீறல் இருக்கிறதா என்று கேமரா வழியாகப் பார்க்கும் பைத்தான் புரோகிராம். அதை அங்கே இருக்கும் கம்ப்யூட்டரில் ஓட வைக்க வேண்டும்.

"என் லேப்டாப்ல இருந்த என்விரான்மென்ட் ஃபோல்டரை அப்படியே காப்பி பண்ணிருக்கேன் மா. பேஸ்ட் பண்ணு, ரன் பண்ணு, வந்துரு. சின்ன வேலை."

சின்ன வேலையாம்!

லேப்டாப்பையும் போனையும் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொண்டு, பென் டிரைவை மட்டும் உள்ளே விட்டார்கள். உள்ளே இன்டர்நெட் கிடையாது. பேஸ்ட் செய்து ஓட விட்டேன். பைத்தானைக் காணோம் என்றது. எங்கே தேடியது தெரியுமா? லீடின் லேப்டாப் ஃபோல்டரில், அவர் பெயரோடு! பைத்தானையும் அதற்கான துணைப் புரோகிராம்களையும் சேர்த்து வைக்கும் இந்த விர்ச்சுவல் என்விரான்மென்ட், தான் பிறந்த இடத்தை மறக்காது, பெயர்த்துக்கொண்டு போனால் ஓடாது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. சிரிப்புதான் வந்தது.

சூப்பர்வைசர் கிருஷ்ணகிரிக்காரர். பக்கத்திலேயே நின்றார்.

"ஷிஃப்ட் மாறுறதுக்குள்ள ஓடுமா மா? இல்லாட்டி வேணாம்னு மேல சொல்லிடுவேன். பழையபடி கண்ணாலயே பாத்துக்குறோம்."

"ஓடும் சார்" என்றேன். எந்த தைரியத்தில் சொன்னேனோ...

அந்த மெஷினிலேயே புதிதாக ஒரு என்விரான்மென்ட் உருவாக்கினேன். அந்தத் துணைப் புரோகிராம்கள், அதாவது பேக்கேஜ்கள், வேண்டுமே? அங்கே இருந்தது பழைய வெர்ஷன் பைத்தான். அதை மனதில் குறித்துக்கொண்டு வெளியே ஓடினேன். கேட்டில் லேப்டாப்பை வாங்கி, எதிர் டீக்கடை பெஞ்சில் வைத்து, போன் ஹாட்ஸ்பாட்டில் அந்த வெர்ஷனுக்கு ஏற்ற பேக்கேஜ்களை டவுன்லோட் செய்ய ஆரம்பித்தேன். டீ ஆறி ஆடை கட்டியது.

அப்போது லீட் போன் செய்தார். "விடு மா, திரும்பி வந்துரு. நாளைக்கு ஒரு சீனியரை அனுப்பறேன்."

எனக்கு வந்ததே ஒரு கோபம்...

"வேணாம் சார். ஃபோல்டரைத் தூக்கிட்டு வந்ததுதான் தப்பு. நானே முடிச்சிட்டு வரேன்."

சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டேன். ப்ரொபேஷனில் இருக்கிறவள், லீடின் போனை!

டவுன்லோட் ஆனதைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு மறுபடி உள்ளே. பென் டிரைவிலிருந்து இன்ஸ்டால். கறுப்புத் திரையில் வரி வரியாக நகர்ந்து... "சக்ஸஸ்ஃபுல்லி இன்ஸ்டால்ட்."

ஓட விட்டேன். கீறல் விழுந்த ஒரு பாகத்தைக் கேமராவுக்குக் கீழே வைத்தார் சூப்பர்வைசர். கீறலைச் சுற்றிச் சட்டென்று சிவப்புக் கட்டம். மனிதர் துள்ளிவிட்டார்.

"ஏய் பன்ரோ இல்லி! நோட்ரோ!" என்று கன்னடத்தில் எல்லோரையும் இங்கே வந்து பார்க்கச் சொல்லிக் கூவி அழைத்தார். வீட்டுக்குக் கிளம்பியவர்கள், வேலைக்கு வந்தவர்கள், எல்லோரும் என்னைச் சுற்றி நின்றுவிட்டார்கள். யாரோ கை தட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதற்கப்புறம் என்னை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்ற பேச்சையே ஆபீசில் யாரும் எடுக்கவில்லை. ஃபேக்டரியிலிருந்து போன் வந்தால், "அந்தப் பொண்ணையே அனுப்புங்க" என்பார்களாம்.

இப்போது பிழை வந்தால் ஏஐயிடம் கேட்கிறோம், காபி எடுத்து வருவதற்குள் சரியாகிவிடுகிறது. நல்ல வசதிதான், குறையே சொல்ல மாட்டேன். என்ன, சரியானதும் பக்கத்து சீட்டில் இருப்பவர்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை.

அன்றைக்கு எனக்காக ஒரு ஷிஃப்டே நின்று பார்த்தது.