இன்னாசித்தம்பி அண்ணையின் ஏழு சீற்றுக் கார்

டென்மார்க்கில் பிராண்டே என்ற ஊரில் நானும் இன்னாசித்தம்பி அண்ணையும் ஒரே வீட்டில் இரண்டு வருடம் குடியிருந்தோம். அந்த இரண்டு வருடத்தில் அவர் மூன்று கார் வாங்கினார். மூன்றும் பழைய பிரெஞ்சுக் கார்கள். ஊரில் வேறு ஒருவரும் வாங்கத் துணியாத கார் எதுவோ, அது எங்கள் வாசலில் வந்து நிற்கும். நான் கத்துவேன், அவர் சிரிப்பார். அவருக்குக் கோபம் வந்து நான் கண்டதில்லை. அந்த வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து நானே கோபப்பட வேண்டியிருந்தது.

அவர் மன்னாரில் பேசாலைக்காரர். மீன் லொறியில் ஐஸ் போட்டு, பேசாலையிலிருந்து கொழும்புக்குப் பதினாறு வருடம் ஓட்டியவர். எண்பத்துநாலில் அந்த லொறி எரிந்துபோனது. மனைவி எமிலியாவையும் ஐந்து பிள்ளைகளையும் விட்டுவிட்டு டென்மார்க் வந்தார். கடைசிப் பிள்ளை றோஸுக்கு அப்போது இரண்டு வயது, மூத்தவள் யசிந்தாவுக்குப் பதினாறு. எண்பத்தைந்து மாசியில் அவருக்கு விசா கிடைத்தது. அன்றிலிருந்து குடும்பத்தைக் கூப்பிடுவதுதான் அவருடைய தொழில். துணி ஆலையில் பெட்டி தூக்கியதெல்லாம் இடையில் பார்த்த வேலை.

பதினெட்டு முடியாத பிள்ளைகளைத்தான் தகப்பன் கூப்பிடலாம் என்று குடிவரவுக் கந்தோரில் முதல்நாளே சொல்லிவிட்டார்கள். யசிந்தாவுக்கு அடுத்த வருடம் சித்திரை இருபத்தேழில் பதினெட்டு. கலியாணப் பதிவும் ஐந்து பிறப்புப் பத்திரமும் அசலாக வேண்டும். பதினான்கு மாதம் இருக்கிறது, ஆறு கடுதாசி வருவதற்குப் பதினான்கு மாதம் காணாதா என்று நான்தான் கேட்டேன். என் வாய் அப்படி.

முதலில் லைசென்ஸ் எடுத்தார். ஊரில் ஸ்ரியறிங் வலது பக்கம், இங்கே இடது பக்கம். பதினாறு வருடம் பழகிய இடது கை கியரைத் தேடிப்போய்க் கதவில் இடிக்கும். ஏறும்போது இரண்டு பேரும் பிழையான கதவைத்தான் திறப்போம். நான் போய் ஸ்ரியறிங்குக்கு முன்னால் இருப்பேன். அவர் வலது பக்கத்தில் இருந்துகொண்டு, "தம்பி, ஸ்ரியறிங்கை எங்கை கொண்டுபோட்டாய்?" என்பார். பயிற்சி கொடுத்த டேனிஷ்காரன் முதல் நாள் சிரித்தான், ஐந்தாம் நாள் சிரிக்கவில்லை. இரண்டாம் முறைதான் பாஸ் பண்ணினார்.

முதல் கார் ஒரு றெனோ நாலு. கியர்த்தடி தரையில் இல்லை, ஸ்ரியறிங்கிலும் இல்லை. முன்பலகையில் ஒரு ஓட்டை போட்டு, அதிலிருந்து குடைப்பிடி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. இழு, முறுக்கு, தள்ளு. இதுகூடப் பரவாயில்லை. ஒருநாள் வெயிலுக்குக் கழுவிக்கொண்டிருந்தபோது, வலது பக்கத்து இரண்டு சில்லுக்கும் இடைத்தூரம் இடது பக்கத்தைவிடக் கூட என்று என் கண்ணுக்குப் பட்டது. நாடா கொண்டுவந்து அளந்தேன். ஐந்து சென்ரிமீற்றர் வித்தியாசம். மூன்று தரம் அளந்தேன். அடிபட்டு வளைந்த காரை எங்கள் தலையில் கட்டிவிட்டான் என்று, விற்ற கமக்காரனிடம் போய் அரை டேனிஷிலும் அரை ஆங்கிலத்திலும் சத்தம் போட்டேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தன்னிடம் இருந்த இன்னொரு றெனோ நாலைக் காட்டி அளக்கச் சொன்னான். அதிலும் ஐந்து சென்ரிமீற்றர். செய்யும்போதே அப்படித்தானாம்.

"ஒரு பக்கம் கூடக் குறைய இருந்தாலும் ஓடுதுதானே," என்றார் அண்ணை. அந்தக் காரில் அவருக்கு ஒரே ஒரு மனக்குறை. நாலு பேர் வசதியாகப் போகலாம், நெருக்கினால் ஐந்து பேர். ஊரிலென்றால் மொரிஸ் மைனரில் ஒன்பது பேர் போவோம். இங்கே போலிஸ் தலையை எண்ணும்.

இரண்டாவது, ஒரு சித்றோயன். கொஞ்சம் பெரியது என்று நினைத்து வாங்கினார். அதிலும் ஐந்து பேர்தான் என்பதைக் கொண்டுவந்து நிறுத்திய பிறகுதான் எண்ணிப் பார்த்தார். அடுத்த நாள் காலையில் யன்னலால் பார்த்தால் கார் நிலத்தோடு படுத்திருக்கிறது. நாலு ரயரிலும் காற்றைத் திறந்துவிட்டார்கள் என்று இடுப்பில் கட்டிய சரத்தோடு வெளியே ஓடினேன். பக்கத்து வீட்டுப் பொடியங்களைத் தமிழில் திட்டினேன். அண்ணை பேசாமல் ஏறி எஞ்சினைப் போட்டார். எருமை எழும்புகிற மாதிரி, முதலில் பின்பக்கம் எழும்பியது, பிறகு முன்பக்கம். நிறுத்தி வைத்தால் படுக்கும், போட்டால் எழும்பும், அதுதான் அதன் சுபாவமாம். சரத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து, "என்ன பாலேந்திரா, கார் எழும்பி உனக்கு வணக்கம் சொல்லுது போலை," என்றார். அந்தக் கதை ஆலை முழுக்கப் போய்ச் சேர்ந்தது. மேற்பார்வைக்காரர்கூடக் கேட்டுச் சிரித்தார்கள். எனக்கு ஒரு கிழமை முகம் காட்ட ஏலாமல் இருந்தது.

இதற்கிடையில் எமிலியாக்கா முதல் தரம் அனுப்பிய கடுதாசிகள் வந்து சேரவில்லை. எந்தக் கடலில் போனதென்று தெரியாது. திரும்ப எடுப்பதற்கு மன்னாரில் பதிவுக் கந்தோர் திறக்க வேண்டும். ஒரு கிழமை ஊரடங்கு, அடுத்த கிழமை சுற்றிவளைப்பு, திறந்த அன்றைக்கு உத்தியோகத்தர் இல்லை. அண்ணை ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வந்து, சப்பாத்தைக் கழற்றாமல் தபால்பெட்டியைத் திறந்து பார்ப்பார். அதற்குள் கடைகளின் விளம்பரத் தாள் மட்டும் இருக்கும். அவற்றை மடித்து என்னிடம் தருவார்.

எண்பத்தாறு தையில் மூன்றாவது கார் வந்தது. பேஜோ 504, குடும்பக் கார். முன்னால் இரண்டு, நடுவில் மூன்று, பின்னால் இரண்டு, ஆக ஏழு சீற்று. அண்ணை, எமிலியாக்கா, ஐந்து பிள்ளைகள், அவர்களும் ஏழு. விற்ற மனுசனிடம் அவர் எஞ்சினைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. ஏழு சீற்றிலும் ஒவ்வொன்றாக ஏறி இருந்து பார்த்தார். நான் பனிக்குள் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கண்டறியாத காருக்கும் ஒரு குணம் இருந்தது. பாரம் ஏற்றுவதற்கென்று பின்பக்கத்துக்குப் பலமான சுருள்வில் போட்டிருந்தார்கள். ஆள் இல்லாமல் நின்றால் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, மூக்கு நிலத்தை மணக்கிற மாதிரி நிற்கும். ஆட்கள் நிறைய இருந்தால்தான் சமத்துக்கு வரும். நான் சுப்பர்மார்க்கெற்றில் மஞ்சள் எலுமிச்சம்பழம் நாலு வாங்கி நாலு சில்லுக்கும் வைத்து நசித்தேன். அவர் பிரெடெரிசியாவுக்குக் கொண்டுபோய் டேனிஷ் பாதரைக் கொண்டு தீர்த்தம் தெளிப்பித்தார். இனி எந்தக் கோதாரியும் அண்டாது என்று சொல்லிக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலைப் பொடியங்கள் ஆறு பேரை ஏற்றிக்கொண்டு பூசைக்குப் போவார். கோவில் வாசலில் நிறுத்தியதும், எங்களை இறங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தான் மட்டும் இறங்கி, பத்தடி தள்ளி நின்று பார்ப்பார்.

"பார் தம்பி, சமம்," என்பார்.

"ஓமண்ணை, சமம். கால் விறைக்குது, இறங்கலாமோ?"

கார் வாங்கியதை அவர் வீட்டுக்கு எழுதியதும், அங்கே யார் எந்தச் சீற்றில் இருப்பது என்று சண்டை வந்துவிட்டது. தீர்ப்பு எழுதி அனுப்பியவள் யசிந்தா. கொப்பித் தாளில் காரைக் கீறி, ஏழு வட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதியிருந்தாள். நடு வரிசையில் அம்மா, றோஸ், யோசேப். பின்னால் மற்ற இருவரும். முன்னால் வலது பக்கத்து வட்டத்தில் 'அப்பா', அதற்கு முன்னால் ஒரு சின்ன ஸ்ரியறிங். முன்னால் இடது பக்கத்து வட்டத்தில் 'நான்'. இனிச் சண்டை வராதென்றும், பின்னேரங்களில் முற்றத்தில் ஏழு கதிரை போட்டுக் கார் விளையாடுவதாகவும், அப்பாவின் கதிரையில் ஒருவரையும் இருக்க விடுவதில்லை என்றும் கீழே எழுதியிருந்தாள்.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். "அண்ணை, உங்கடை மோள் ஸ்ரியறிங்கைப் பிடிச்சிட்டாள். இஞ்சை இடது பக்கம் இருக்கிறவன்தான் ஓட வேணும். ஒரு வரி எழுதிவிடுங்கோ."

"வேண்டாம். வந்து கதவைத் திறந்துபோட்டு முழிக்கட்டும். அந்த முழியை நான் பார்க்க வேணும்."

அந்தத் தாளை வானொலிப் பெட்டிக்கு மேலே ஒட்டிவைத்தார். கார் ஓடும்போதெல்லாம் அது படபடத்துக்கொண்டிருக்கும்.

பங்குனி முடிந்தது. சித்திரை பிறந்தது. அவருடைய நடை எனக்கு விளங்கத் தொடங்கியது. தபால்பெட்டிக்குப் போகும்போது வேகம், திரும்பும்போது காலை இழுத்து இழுத்து. இருபத்தேழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குப் போகவில்லை. காருக்குள் போய் முன் சீற்றில் இருந்தார். நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன். "இண்டைக்குப் பதினெட்டு," என்றார். தேத்தண்ணி ஆறிப்போனது.

கடுதாசிகள் ஆனி பன்னிரண்டாம் தேதி வந்தன. ஆறும் முத்திரையோடு, ஒரு கறை இல்லாமல். அடுத்த நாளே கந்தோருக்குப் போனோம். அங்கே இருந்த பெண் எல்லாவற்றையும் கவனமாகப் பார்த்து, ஐந்தை ஒரு பக்கமும் ஒன்றைத் தனியாகவும் வைத்தார். மனைவிக்கும் நாலு பிள்ளைகளுக்கும் பிரச்சினை இல்லையாம். இந்தப் பிள்ளை வளர்ந்த ஆள், சட்டத்தில் இப்போது அவள் தனி ஆளாம்.

"அவள் என்ரை பிள்ளை எண்டு சொல்லு தம்பி," என்றார் அண்ணை.

சொன்னேன். தெரியும் என்றார் அந்தப் பெண். ஏழு கிழமைதானே பிந்தியது, அது எங்கள் பிழையா, மன்னாரில் கந்தோர் பூட்டியிருந்தது எங்கள் பிழையா என்று கேட்டேன். இல்லை, உங்கள் பிழை இல்லை என்றார். கத்தினேன். அவர் எழுந்து போய் இரண்டு கோப்பி கொண்டுவந்து வைத்தார். தன்னால் ஒன்றும் செய்ய இயலாதென்றும், தனக்கும் மகள் இருக்கிறாள் என்றும் சொன்னார். எனக்கு வந்த கோபத்துக்கு எதிரே கோபப்பட ஒரு ஆள் வேண்டும். அங்கே ஒருவரும் இல்லை. அண்ணை அந்தத் தனிக் கடுதாசியை எடுத்து மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். வெளியே வந்து, பழைய பழக்கத்தில் பிழையான கதவைத் திறந்துகொண்டு நின்றார்.

யசிந்தாவை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று எமிலியாக்கா எழுதினார். போகத்தான் வேண்டும், தம்பிமார் வளருகிறார்கள், ஆமி பிடிப்பதற்கு முன்னம் கொண்டுபோங்கள் என்று யசிந்தாவே எழுதினாள். தான் மன்னாரில் கன்னியாஸ்திரிகளின் மடத்தில் இருப்பாளாம், தன்னைப் பற்றி யோசிக்க வேண்டாமாம். அந்தக் கடிதத்தை அண்ணை என்னிடம் வாசிக்கத் தந்தார். நான் வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

ஐப்பசியில் வந்தார்கள். பிராண்டேயிலிருந்து கொப்பன்கேகன் விமான நிலையத்துக்குப் போக, பாதி வழியில் காரைக் கப்பலில் ஏற்றிக் கடலைக் கடக்க வேண்டும். தனியாக ஓட மனமில்லை என்று அண்ணை சொன்னதால் நானும் கூடப் போனேன். வரும்போது ரயிலில் வருவேன் என்று முன்னமே சொல்லியிருந்தேன். மத்தியானம் அவர்கள் வெளியே வந்தார்கள். எமிலியாக்காவும் நாலு பிள்ளைகளும், குளிருக்குக் காணாத உடுப்போடு. எமிலியாக்கா அண்ணையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதார். பொடியங்கள் தகப்பனைக் கட்டிப்பிடித்தார்கள். றோஸுக்கு அவரைத் தெரியாது. தாயின் சேலைக்குப் பின்னால் நின்றாள். அவர் கையை நீட்டியும் போகவில்லை.

காரைக் கண்டதும் பிள்ளைகளின் முகம் மாறியது. ஒருவரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இரண்டு பேர் பின்னால் ஏறினார்கள். நடுவில் எமிலியாக்கா, றோஸ், யோசேப். எத்தனை பின்னேரம் முற்றத்துக் கதிரைகளில் இருந்து பழகியிருப்பார்கள். அண்ணை இடது பக்கம் ஏறி ஸ்ரியறிங்குக்கு முன்னால் இருந்தார். நான் வெளியே நின்றேன்.

"ஏன் தம்பி நிக்கிறீங்கள், ஏறுங்கோ," என்றார் எமிலியாக்கா.

"நான் ரயிலிலை வாறன் அக்கா."

"ரயில் என்னத்துக்கு. இடம் இருக்குத்தானே."

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொண்டார். நான் வலது பக்கக் கதவைத் திறந்து ஏறினேன். ஏழு சீற்றும் நிரம்பின. கார் சமமாக நின்றிருக்கும். பார்ப்பதற்கு அண்ணை இறங்கவில்லை.

அவர் சாவியைப் போடும்போது, பின்னாலிருந்து றோஸ் முதல் தடவையாகத் தகப்பனோடு கதைத்தாள்.

"அது பெரியக்கான்ரை கதிரை," என்றாள். "அப்பான்ரை கதிரை மற்றப் பக்கம்."

என் கை கதவுப்பிடியில் இருந்தது. நான் இருந்தது அப்பாவின் கதிரை, ஒருவரையும் இருக்க விடாமல் யசிந்தா காத்த கதிரை. அண்ணை வானொலிப் பெட்டிக்கு மேலே ஒட்டியிருந்த தாளைப் பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ஓம் பிள்ளை, தெரியும்," என்றார் அவர். "அக்கா வருமட்டும் அப்பா இதிலை இருக்கிறன்."

றோஸ் அதை யோசித்துப் பார்த்துவிட்டுச் சரி என்றாள். அண்ணை எஞ்சினைப் போட்டார். கியருக்கென்று எழும்பிய இடது கை, எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, போய்க் கதவில் இடித்தது.