தோல் வாங்க வந்தவர்களுக்கு ஊர் காட்டினேன்

தோல் தொழிலில் சுண்ணாம்புக் குழியில் இறங்குகிறவனுக்குக் கைகால்தான் வேகும்; வந்த விருந்தாளிக்கு ஊர் சுற்றிக் காட்டுகிறவனுக்கு மொத்த ஆளும் வேகும். ஐம்பதுகளில் ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் இங்கிலீஷில் கடிதம் எழுதச் சேர்ந்தேன். இங்கிலீஷ் தெரிந்தவனுக்குச் சரித்திரமும் தெரியும் என்று முதலாளி சாயபு முடிவு செய்துவிட்டார். வெளியூரிலிருந்து தோல் வாங்க வருகிறவர்களை வேலூர் வரை காரில் அழைத்துப் போய்க் குஷிப்படுத்துவது என் தலையில் விழுந்தது. வீட்டுக்கு வந்த உறவுக்காரருக்கு ஊர் காட்டி நொந்தவர்கள் எல்லாரும் என் கட்சி. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மூக்கு

மெட்ராஸிலிருந்து ஒரு கமிஷன் ஏஜென்ட் வந்தார். ஷாப்புக்குள் காலை வைத்ததுமே அத்தர் போட்ட கைக்குட்டை மூக்குக்குப் போனது. குழியில் ஊறும் தோல், ஆவாரம்பட்டை, கடுக்காய் என்று நான் விளக்கிக்கொண்டே போனேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். நான் சொன்னது புரிந்து ஆட்டினாரா, மயக்கம் வந்து ஆட்டினாரா என்று தெரியவில்லை.

வெளியே வந்து நன்றாக மூச்சு விட்டுக்கொண்ட பிறகு அபிப்பிராயம் சொன்னார்: "சரக்கு ஃபர்ஸ்ட் கிளாஸ் சார். ஆனா இதையெல்லாம் நாத்தம் இல்லாத எடத்துல வெச்சு செய்யக் கூடாதா?"

கோட்டை

அடுத்து வந்த மதுரை வியாபாரி சம்சாரத்தையும் கூட்டி வந்திருந்தார். வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் வெள்ளைக்காரனை எதிர்த்து எழுந்த கதையையும், திப்புவின் பிள்ளைகளைக் காவலில் வைத்த கதையையும் தொண்டை வறளச் சொன்னேன். வியாபாரி அகழியைப் பார்த்து, மீன் குத்தகை யாருக்கு என்று விசாரித்தார்.

அந்த அம்மாள் தேங்காய், பூ, கற்பூரத்துடன் நேரே உள்ளே இருக்கும் கோயிலுக்கு நடந்தார். தூண்களில் யாளியும் குதிரையும் பாய்ந்துகொண்டிருந்தன. கருவறை காலியாக இருந்தது. அந்தக் காலத்தில் அங்கே சாமி கிடையாது. அதைச் சொன்னதும் தட்டை என் கையில் திணித்தார். "மொதல்லயே சொல்லியிருந்தா ஊர்லயே ஒடைச்சிட்டு வந்திருப்பேனே! உங்களையும் ஒரு ஆளுன்னு நம்பி வந்தோமே!"

பாலாறு

கல்கத்தாக்காரர் ஒருவருக்குப் படகில் போக ஆசை. பாலத்தில் காரை நிறுத்தச் சொல்லி இறங்கி எட்டிப் பார்த்தார். கண்ணுக்கு எட்டிய மட்டும் மணல். நடுவில் இரண்டு எருமை. ஆறு எங்கே என்று என்னைக் கேட்டார். டிரைவர் காதர் பாய்தான் என்னைக் காப்பாற்றினார்.

"ஆறு இதான் சார். தண்ணிதான் லீவுல போயிருக்குது."

பிரியாணி

கான்பூர் பார்ட்டி கோட்டையும் கேட்கவில்லை, ஆறும் கேட்கவில்லை. பிரியாணி சாப்பிட்டார், தூங்கினார், எழுந்து மறுபடியும் பிரியாணி சாப்பிட்டார். தோலைப் பற்றி ஊருக்குப் போய்ச் சொல்வதாகச் சொல்லி ரயிலேறினார். அவர் சொல்லவே இல்லை.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். முகத்தில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "இன்னா தம்பி, எல்லாரும் ஊரப் பாக்கறாங்க, சரக்கப் பாக்க மாட்றாங்க. ஒரே பேஜாரா போச்சு. அடுத்த பார்ட்டி சும்மா திரும்பிப் போனா, நீயும் அதே ரயில்ல ஏறிக்கோ."

அயர்லாந்துக்காரர்

அடுத்த பார்ட்டி அயர்லாந்திலிருந்து வந்தார். கடலோரத்தில் ஏதோ சின்ன ஊராம். எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம். வேலை போனால் பெண்ணும் போய்விடும். ஸ்டேஷனிலேயே கோட்டையை ஆரம்பித்தேன். மனுஷர் கையை உயர்த்தி, "லெதர்" என்று ஒரே வார்த்தை சொன்னார்.

ஷாப்பில் அவருக்குத் தமிழ் வராது, முதலாளிக்கு இங்கிலீஷ் வராது. நான் நடுவில் புகுந்தேன். முதலாளி, "நீ சித்த வெளிய நில்லு தம்பி" என்றார். வாசலில் நின்றேன். உள்ளே இரண்டு பேரும் தோலை மடிப்பதும் நீவுவதும் கத்துவதுமாக இருந்தார்கள். சண்டை என்றே நினைத்தேன். பெண் வீட்டாருக்கு என்ன பதில் சொல்வது என்று யோசிக்கவும் ஆரம்பித்துவிட்டேன்.

சாயங்காலம் இரண்டு பேரும் தோளில் கை போட்டுக்கொண்டு வெளியே வந்தார்கள். ஆர்டர் முடிந்திருந்தது. எனக்குப் போன உயிர் வந்தது. வந்த உயிர் சும்மா இருக்கவில்லை; "கோட்டையைப் பார்க்காமலே போகிறீர்களே ஐயா?" என்று கேட்டுவிட்டேன். அவர் இங்கிலீஷில் நிதானமாகச் சொன்னார்: "எங்கள் ஊரிலும் ஒரு கோட்டை இருக்கிறது. அதைப் பற்றிப் பேசியே கொல்கிற ஆள் ஒருவனும் இருக்கிறான். அவனிடமிருந்து தப்பிக்கத்தான் நான் இவ்வளவு தூரம் வந்தேன்."

ஊர்ப் பெருமையைத் தொண்டை வறளச் சொல்லி என்னால் விற்க முடியாத தோலெல்லாம், என்னை வாசலில் நிறுத்தியதும் தானே விற்றுப்போனது.