ஜன்னல் வழியாக வந்த சோறு

போன வாரம் சித்தப்பா மகனின் புதுப் படகில் எங்கள் தீவுக்கூட்டத்தின் லாங் ஐலண்ட் வரை நான்கு நாள் சுற்றிவிட்டு வந்தேன். ஃபைபர் படகு, ஜி.பி.எஸ்., ஐஸ் பெட்டி என்று எல்லா வசதியும் உண்டு. ஆனாலும் குளியலறையில் நின்றால் தரை இன்னும் ஆடுகிறது. துப்பட்டாவை இரண்டு தடவை அலசியும் டீசல் வாடை போகவில்லை. எனக்கு அந்த வாடை பிடிக்கும் என்றால் சிரிப்பீர்கள். அது வந்தால் கூடவே சூரைமீன் குழம்பின் மணமும் வந்துவிடும்.

அப்பா ஜங்லிகாட்டில் படகு எஞ்சின்களைப் பழுது பார்த்தவர். ஊரார் படகுகளையே தட்டிக்கொண்டிருந்தவருக்குத் தனக்கும் ஒன்று வேண்டும் என்று ஆசை வந்தது. யாரோ கழித்துப் போட்ட மரப் படகை வாங்கி, ஒரு வருடம் பாடுபட்டு மோட்டார் பொருத்தினார். வடக்கே மாயாபந்தர் தீவூர் வரை போய் ஒன்பது நாளில் திரும்பலாம் என்றார். நான் பன்னிரண்டாவது எழுதிவிட்டுச் சும்மா இருந்த நேரம். கூட வருவேன் என்று அடம்பிடித்தேன். தோழிகளிடம் பீற்றிக்கொள்ளத்தான், வேறொன்றுமில்லை. முதல் இரண்டு நாளும் வாந்தி எடுத்ததை அவர்களிடம் இன்றுவரை சொல்லவில்லை.

அம்மா வரவில்லை. ராமநாதபுரக் கடற்கரையில் பிறந்தவள். அவளுடைய அப்பாவும் அண்ணனும் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்கள். அப்படிப் போனவர்கள் வீட்டு வாசலில் வந்து நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், திறந்தால் உள்ளே இருப்பவரையும் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று அவர்கள் தெருவில் எல்லோரும் நம்பினார்கள். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிற அம்மாவும் நம்பினாள்.

ஒன்பது நாள் பதினாறு நாளானது. மாயாபந்தரில் மழை பிடித்துக்கொண்டது, எஸ்.டி.டி. பூத்தில் லைன் இல்லை. அதைவிட மோசம், போகும்போதே ஹேவ்லாக் பக்கம் ஒரு டீசல் கேன் அலையில் விழுந்திருந்தது. கேன் களவு போகாமலிருக்க அப்பா அதில் வெள்ளை பெயிண்டால் தன் பெயரை எழுதியிருந்தார். பல நாள் கழித்து அதைக் கண்டெடுத்த மீன்பிடிக்காரர் ஒருவர், நல்லெண்ணத்தோடு நேராக எங்கள் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். எங்களுக்கு இதெல்லாம் தெரியாது.

படகுத்துறையில் இறங்கி, எங்கள் வீடிருந்த டெய்ரி ஃபார்ம் மேட்டில் ஏறியபோது மாலை நான்கு இருக்கும். தூறலில் இருவரும் தொப்பலாக நனைந்திருந்தோம். பக்கத்து வீட்டு வங்காளி மாசி எங்களைக் கண்டதும் இரண்டடி பின்னால் போனாள். “தீன் தின் ஸே தர்வாஜா நஹி கோல்தா,” என்றாள். கேன் வந்ததிலிருந்து மூன்று நாளாக அம்மா அக்கம்பக்கத்தில் யாருக்கும் கதவைத் திறக்கவில்லையாம்.

“செலினு, நாந்தான். கதவத் தொற,” என்று அப்பா தட்டினார்.

கதவுக்கு அந்தப் பக்கம், மிக அருகில், அம்மாவின் குரல் கேட்டது. அழவில்லை. பால்காரரிடம் பேசுகிற குரல்.

“நேத்தும் இதே நேரம் ரெண்டு பேரும் வந்து கூப்ட்டீக. மனசு கேக்காமத் தொறந்தேன். யாருமில்ல. படியில தண்ணிதான் கெடந்துச்சு. இன்னைக்கித் தொறக்க மாட்டேன். போயிருங்க.”

முந்தின நாள் அதே நேரம் நீல் தீவுக்கு வெளியே எஞ்சின் நின்றுபோய், படகு கரையை விட்டு விலகிக்கொண்டிருந்தது. எதற்கும் பதறாத அப்பா, அம்மாவின் பெயரைச் சொல்லிக் கத்தினார். நானும் கத்தினேன். விடியும்வரை மல்லுக்கட்டித்தான் எஞ்சினைக் கிளப்பினார். இப்போது என்னைப் பார்த்து, சொல்லாதே என்று தலையசைத்தார்.

அரைமணி நேரம் கெஞ்சினார். கல்யாணத்தன்று நடந்ததையெல்லாம் அடையாளமாகச் சொன்னார். “அதெல்லாம் அவுகளுக்கும் தெரியும்,” என்றாள் அம்மா. எனக்குப் பயம் போய் எரிச்சல் வந்துவிட்டது.

“அம்மா, காலையிலேர்ந்து ஒண்ணும் திங்கல. பசிக்குது. தொறக்கிறியா இல்லையா?”

“நேத்து வந்தவ பசிக்குதுன்னு சொல்லல,” என்றாள் அம்மா.

ஜன்னல் ஒரு சாண் திறந்தது. கம்பிகளுக்கு நடுவே ஒரு கிண்ணம் வந்தது. சோறும் சூரைக் குழம்பும். செத்துவிட்டோம் என்று நினைத்த நாள்களிலும் மூன்று பேருக்குத்தான் வடித்திருக்கிறாள். மழையில் நின்றபடி அப்பாவும் நானும் ஒரே கிண்ணத்தில் அள்ளித் தின்றோம். அம்மா எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடலில் போனவர்களுக்குச் சோறு இறங்காதாம். கடைசிக் கவளம் இறங்கியபின் தாழ்ப்பாளை நீக்கினாள். என்னை இரண்டு அடி அடித்துவிட்டுக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தோம். அப்பா படகை விற்றார். ஆனால் அதற்குப் பிறகு நாங்கள் சாப்பிடும்போதெல்லாம் அம்மா எதிரே உட்கார்ந்து தொண்டையைப் பார்ப்பாள். எத்தனையோ வருடம் அப்படிப் பார்த்தாள்.

அப்பா முதலில் போனார். அம்மா சென்ற வருடம். கடைசி வாரத்தில், நல்ல நினைவோடு இருந்த ஒரு காலையில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: “உண்மையச் சொல்லு. அன்னைக்கி நீங்க ரெண்டு பேரும் நெசமாவே வந்துட்டீகளா?”

“வந்துட்டோம்மா. சோறு தின்னோம்ல.”

“ஆமா, தின்னீக,” என்றாள். நம்பினாளா என்று தெரியவில்லை. நீல் பக்கம் நாங்கள் கத்தியதை அப்போதும் நான் சொல்லவில்லை.

அந்த வீட்டை இடித்து மூன்று மாடி லாட்ஜ் கட்டிவிட்டார்கள். எஸ்.டி.டி. பூத்துகள் போயே போய்விட்டன. இப்போது படகு எங்கே நின்றாலும் செய்தி வந்துவிடுகிறது. போன வாரம் நானே சாவி போட்டு உள்ளே வந்து, பசித்ததால் இருந்ததைப் போட்டுச் சாப்பிட்டேன். நான் உயிரோடுதான் திரும்பினேனா என்று சந்தேகப்பட இனி யாருமில்லை.