ஊசி வெட்டிப் போட்ட படம்

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பதினோரு வருடமாக ரத்தம் எடுக்கிறவளுக்கு ஊசி என்று பட்டப்பெயர் வைத்ததில் யாருக்கும் பெரிதாக மூளை செலவாகியிருக்காது. ஆனால் அந்தப் பெயர் அவள் வாய்க்கும் பொருந்தும். "கையைத்தானே சார் நீட்டச் சொன்னேன், சொத்தையா எழுதிக் கேட்டேன்?" என்பாள். ஆள் சிரித்து முடிப்பதற்குள் குழாய் நிறைந்திருக்கும்.

அவளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. காலணா வராத வேலை. நவீன ஓவியங்களை எடுத்து, அடியில் ஒரு நையாண்டி வரி சேர்த்து இணையத்தில் போடுவாள். 'சுவரில் தொங்குது' என்று பக்கத்துக்குப் பெயர். எண்பதாயிரம் பேர் பின்தொடர்ந்தார்கள். ரத்தம் நிரப்பிய குழாய்களைச் சுழற்றுகிற இயந்திரம் ஒரு முறை ஓடி நிற்கப் பத்து நிமிடம் ஆகும். அதற்குள் ஒரு படம் தேடி, அடியில் இரண்டு விரற்கடை வெட்டி எறிந்து, அந்த இடத்தில் கறுப்புப் பட்டை போட்டு வெள்ளை எழுத்தில் கேலியை ஒட்டிவிடுவாள். வெட்டுகிற இடத்தில்தான் வரைந்தவர் பெயர் இருக்கும் என்பது தெரியாதவள் இல்லை. தெரிந்து என்ன செய்ய, எழுத இடம் வேண்டாமா?

கணவன் போன பிறகு ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. நான்கு வருடத்துக்கு முன் வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவன், மருத்துவமனையிலிருந்து திரும்பவில்லை. அன்று அழாதவள் அதற்குப் பிறகும் அழவில்லை. கல்நெஞ்சக்காரி என்று சொந்தபந்தம் சொல்லிப் பார்த்து, அலுத்து, வருவதையே நிறுத்திக்கொண்டது. மிஞ்சியவள் நாத்தனார் ஒருத்திதான். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள், அச்சகத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு சேர்ந்து வாடகைக்கு எடுத்த ஓர் அறைக்கு ஓவியம் வரையப் போவாள். வீட்டுக்கு வந்தவை எல்லாம் பழமும் கூஜாவும்தான். வேறு என்ன வரைகிறாள் என்று இவள் கேட்டதில்லை. இரண்டு அறை, ஓர் அடுப்பு, இரண்டு பெண்கள். அவளும் முகத்தைத் திருப்பிக்கொண்டால் ஊசிக்கு வேறு நாதி கிடையாது.

போன வாரம்தான், யாரோ நாலைந்து பேர் சேர்ந்து நடத்துகிற ஓர் ஓவியப் பக்கத்தில் அந்தப் படம் கண்ணில் பட்டது. நீல பெஞ்சு. அதில் கழுத்தே இல்லாத ஒரு பெண். முகத்தில் பாதிக்கு வாய்தான். ஒரு காலில் செருப்பு, மற்றது வெறுங்கால். பார்த்ததும் ஊசிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அடியை வெட்டினாள், எழுதினாள்: 'பாதி வழியில, கேஸை அணைச்சோமான்னு நினைப்பு வந்ததும்.'

படம் பிய்த்துக்கொண்டு போனது. மூன்று லட்சம் பேர் பகிர்ந்தார்கள். வரவேற்பு மேசைக்காரி அதை அச்செடுத்துச் சுவரிலேயே ஒட்டிவிட்டாள். ரத்தம் கொடுக்க வந்தவர்கள் பக்கத்தில் நின்று வாயைப் பிளந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஊசிக்குத் தலைகால் புரியவில்லை.

ஐந்தாம் நாள், இயந்திரம் சுழன்றுகொண்டிருந்தபோது போனை எடுத்தாள். முன்பின் தெரியாத ஒருவர் வெட்டாத முழுப் படத்தையும் பின்னூட்டத்தில் போட்டு, 'இதைப் படிச்சுட்டுத்தான் வெட்டுனீங்களா?' என்று கேட்டிருந்தார். ஊசி அடிப்பகுதியைப் பெரிதாக்கினாள்.

'அண்ணி. மூன்றாம் மாடி வராந்தா.'

முதலில் அடையாளம் தெரிந்தது கையெழுத்து. 'பால் வாங்கியாச்சு', 'சாவி பக்கத்து வீட்டில்' என்று வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் தினமும் பார்க்கிற எழுத்து. அடுத்தது செருப்பு. கணவன் சாய்ந்த அன்று மருத்துவமனைப் படிக்கட்டில் தன் காலிலிருந்து கழன்று விழுந்ததை எடுக்காமல் ஓடியிருந்தாள். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் மருத்துவர் வந்து சொன்னார். அப்போது பக்கத்தில் இருந்தவள் ஒரே ஒருத்தி. எல்லாவற்றுக்கும் கடைசியாகத்தான் அந்த முகம் யாருடையது என்று தெரிந்தது.

அண்ணன் செத்த நொடியைத் தங்கை வரைந்து வைத்திருக்கிறாள். அதை எடுத்து ஊர் சிரிக்கக் கடைபரப்பியவள் அண்ணி! இயந்திரம் நின்று கூவியது. வேறு யாரோ வந்து அணைத்தார்கள். படத்தைப் பக்கத்திலிருந்து அழித்தாள். அழித்து என்ன, அது மூன்று லட்சம் போன்களில் இருந்தது. சுவரில் ஒட்டியிருந்ததையும் கிழித்தாள். "ஏய் ஊசி, உனக்கென்ன பைத்தியமா?" என்று வரவேற்பு மேசைக்காரி கத்தினாள்.

வீட்டில் நாத்தனார் துணி மடித்துக்கொண்டிருந்தாள். இவள் வந்து நின்ற நிலையைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"பாத்துட்டீங்களா அண்ணி?"

"உனக்கு எப்பத் தெரியும்?"

"நீங்க போட்ட அன்னைக்கே."

"அஞ்சு நாளா என்கூட உக்காந்து சாப்பிட்டியேடி! ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா? நாலு அறை அறைஞ்சிருக்கக் கூடாதா?"

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கேக்கறது? உங்களைக் கேக்காம உங்களை வரைஞ்சதே நான்தானே. தெரிஞ்சா, வீட்டை விட்டுப் போன்னு சொல்லிடுவீங்களோன்னு பயந்துகிட்டு இருந்தேன்."

ஊசி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "சத்தியமா தெரியாதுடி. என் மூஞ்சியே எனக்குத் தெரியல" என்றாள். பிறகு, "அவ்வளவு பெரிய வாய்... அன்னைக்கு அப்படியா கத்தினேன்?" என்று கேட்டாள்.

"கத்தலை அண்ணி. வாயைத் திறந்தீங்க, சத்தமே வரல. நீங்களே அழலையே, உங்களுக்கு முன்னாடி நான் எப்படி அழறதுன்னு நானும் அடக்கிக்கிட்டேன். அப்படியே இருந்துட்டேன்."

நான்கு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறாள். நாத்தனார் அழுது ஒருநாள்கூடப் பார்க்கவில்லையே என்பது ஊசிக்கு இதுவரை உறைத்ததே இல்லை. எதிரே அந்தப் பெண் மடித்த துணியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். தோள் மட்டும் குலுங்கியது. ஊசி எழுந்து போய்த் துணியைப் பிடுங்கி எறிந்தாள்.

"அழுடி," என்றாள். "அவர் உனக்கு அண்ணன்டி."