வெண்ணிலா எங்கள் மாடியில் இருந்த நாட்கள்

மாடிப் போர்ஷனை நாள் வாடகைக்கு விடுவது, சொந்த வீட்டிலேயே விருந்தாளியாக இருக்கிற தொழில். அனுபவித்தவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். மேலே இருப்பவர்கள் தூங்கும்போது நாம் மிக்சி போடக் கூடாது. அவர்கள் மிக்சி போடும்போது நாம் தூங்கிப் பழகிக்கொள்ள வேண்டும். பீளமேட்டில் எங்கள் மாடிக்கு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள், கல்யாணக் கூட்டம், மில்லில் மிஷின் மாட்ட வரும் இன்ஜினீயர்கள் என்று எல்லாரும் வந்து போயிருக்கிறார்கள். ஆனால் இத்தாலியிலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி, நம் பக்கத்துக் குழந்தை ஒன்றைத் தத்தெடுத்து, அதற்குப் பாஸ்போர்ட் வரும்வரை தங்க இடம் கேட்டு வந்தது அதுதான் முதல் தடவை.

மேசையின் மூலைகள்

ஏசி இருக்கிறதா, கார் நிறுத்த இடம் உண்டா என்றுதான் எல்லாரும் ஃபோனில் கேட்பார்கள். அந்த இத்தாலிக்காரப் பெண் எலேனா கேட்டது வேறு. ஜன்னலுக்குக் கம்பி உண்டா? மொட்டைமாடிக் கதவைப் பூட்டலாமா? மேசையின் மூலைகள் கூர்மையா? அவளுடைய ஆங்கிலமும் என்னுடையதும் ஒரே வகுப்பில் ஃபெயிலானவை. அதனால் ஒருவர் பேசுவது மற்றவருக்கு நன்றாகப் புரிந்தது. கலெக்டர் உத்தரவு கைக்கு வந்துவிட்டது, தாராபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு இல்லத்திலிருந்து குழந்தையைக் கூட்டி வருகிறோம், பெயர் வெண்ணிலா, வயது நாலரை என்று ஒரே மூச்சில் சொன்னாள்.

என் வீட்டுக்காரருக்குக் கருமத்தம்பட்டியில் விசைத்தறி. அதிகம் பேசமாட்டார். நான் விஷயத்தைச் சொன்னதும் தறியிலிருந்து கழிவுப் பஞ்சு ஒரு பை கொண்டுவந்து, மாடியில் உட்கார்ந்து ஒவ்வொரு மூலையாகப் பஞ்சு வைத்து டேப் ஒட்டினார். கட்டில் முடிந்து, அலமாரி முடிந்து, கடைசியாக மேசைக்கு வந்தவர் நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "இத்தன வருசமா வாடகைக்கு உடறோம். நம்மூட்ல இத்தன மூலை இருக்கறது இன்னைக்குத்தான் அம்மணி தெரியுது."

செருப்பு

வெண்ணிலா வந்து இறங்கினாள். ரோஸ் நிறச் செருப்பு, இரட்டைச் சடை. வீட்டுக்குள் வந்தும் செருப்பைக் கழற்றவில்லை. அதோடுதான் சாப்பிட்டாள், அதோடுதான் மத்தியானம் கட்டிலில் படுத்தாள். எலேனாவின் புருஷன் பாவ்லோ கீழே மண்டியிட்டு, தன் ஷூவைக் கழற்றிக் காட்டினான். அவள் காலைப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டாள். காலில் ஏதாவது புண்ணோ என்று பயந்துபோய் எலேனா என்னைக் கூப்பிட்டாள்.

நான் மேலே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்: "ஏங் கண்ணு, செருப்பக் கழட்டிப்போட்டுப் படுக்கலாமில்ல?"

"திரும்பிப் போறப்ப தேடோணுமில்லீங்க" என்றாள்.

அதை மொழிபெயர்க்க எனக்கு ஆங்கிலம் இருந்தது, தைரியம் இல்லை. அவர்கள் இருவரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. எலேனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நானே நைசாகப் பேசிக் கழற்றிவிடட்டுமா என்று கேட்டேன். பாவ்லோ தலையாட்டி மறுத்தான்: "வேண்டாம். அவளுக்கே தோன்றட்டும். நாங்கள் காத்திருந்து பழகியவர்கள்."

சந்தகை

எலேனா நன்றாகச் சமைப்பாள். ஆனால் அவள் எதைச் செய்து வைத்தாலும் வெண்ணிலா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கீழே வந்து என்னிடம் ரசம் சாதம் வாங்கிச் சாப்பிடுவாள். எலேனா படியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்குத்தான் சங்கடமாக இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தகை செய்தேன். அரிசி மாவை இட்லியாக வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் அச்சில் போட்டுப் பிழிய வேண்டும். பிழியக் கைப்பலம் வேண்டும்; என் வீட்டுக்காரர் வெளியே போயிருந்தார். மேலே குரல் கொடுத்தேன். பாவ்லோ வந்து கைப்பிடியைச் சுற்றினான். கீழே நூல் நூலாக இறங்கியதைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. எலேனாவைக் கூப்பிட்டுத் தங்கள் பாஷையில் என்னவோ வேகமாகச் சொன்னான். தங்கள் ஊரிலும் மாவை இப்படி நூலாக இழுத்துச் சாப்பிடுவார்கள் என்று எனக்குக் கையாலேயே விளக்கினான். வெண்ணிலா ஓடிவந்து கைப்பிடியின் இன்னொரு முனையைப் பிடித்தாள். இரண்டு பேரும் சேர்ந்து சுற்றினார்கள். அவள் வெறுங்காலோடு நின்றிருந்தாள். நாங்கள் மூன்று பேரும் அதைப் பார்த்தோம்.

தேங்காய்ப்பால் ஊற்றி, சர்க்கரை போட்டு எலேனாதான் ஊட்டினாள். வாயில் வாங்கிக்கொண்டே வெண்ணிலா என்னிடம் கேட்டாள்: "இவங்க ஊர்லயும் சந்தகை இருக்குதுங்களா? அப்பச் சரிங்க, போலாம்."

நாத்தனார் வருகை

கோபிசெட்டிபாளையத்திலிருந்து என் நாத்தனார் கண் டாக்டரைப் பார்க்க வந்தார். தோட்டம், தென்னை, வாழை எல்லாவற்றையும் தனியாளாக நின்று பார்ப்பவர். மாடி விஷயத்தைக் கேட்டதும், "எந்தச் சாதிக் கொழந்தையின்னு விசாரிச்சாங்களாமா?" என்றார். "தெரியலீங்க" என்று சொல்லிவிட்டுக் காப்பி போடப் போய்விட்டேன். வாடகைக்கு விடுகிறவர்களுக்குச் சில கேள்விகள் காதில் விழாமலிருப்பது நல்லது.

காப்பியோடு திரும்பி வந்தால், வெண்ணிலா கீழே இறங்கி வந்து அவர் கை வளையல்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தாள். நாத்தனார் பிடித்துவைத்த மாதிரி உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் அவள் அவர் மடியிலேயே தூங்கிப்போனாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. கோபி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று என் வீட்டுக்காரர் வாசலில் வண்டியோடு நின்றார். ஒரு பஸ் போயிருக்கும், அடுத்ததும் போயிருக்கும். நான் குழந்தையைத் தூக்கக் கையை நீட்டினேன். நாத்தனார் என் கையைத் தட்டிவிட்டார்: "காலு மரத்துத்தான் போச்சு. இருந்துட்டுப் போகுது, எழுப்பிப்போடாதீங்க."

கண்ணை மூடிய போட்டோ

பாஸ்போர்ட் ஆபீசுக்கு மொழிக்காக என்னையும் கூட்டிப்போனார்கள். எல்லாம் சரியாகத்தான் போனது, போட்டோ எடுக்கும்வரை. கேமராவைப் பார் என்றால் வெண்ணிலா கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். திறக்கச் சொன்னால் திறப்பாள். எடுக்கப் போனால் மூடிக்கொள்வாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் வாட்சைப் பார்க்க ஆரம்பித்தார்கள். இன்றைக்கு நடக்காவிட்டால் வேறொரு தேதி வாங்க வேண்டும்; பாவ்லோவுக்கு லீவு முடிகிற நேரம். அவன் நெற்றியில் வேர்வை.

கவுண்டரில் இருந்த பெண் அவசரப்படவில்லை. பாவ்லோவைக் கேமராவுக்குப் பின்னால் வந்து நிற்கச் சொன்னார். "கேமராவப் பாக்க வேண்டாஞ் சாமி. உங்கப்பா எங்க நிக்கறாருன்னு மட்டும் பாரு" என்றார். வெண்ணிலா கண்ணைத் திறந்து அவனைத் தேடினாள், கண்டுபிடித்தாள், பல் தெரியச் சிரித்தாள். அந்தப் பெண் பட்டனில் வைத்த விரலை எடுத்துவிட்டார். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "சிரிக்கக் கூடாதுன்னுதான் ரூல்ஸ். இதுக்கு எப்படீங்க சொல்றது?"

வாரேன்

பாஸ்போர்ட் வருவதற்குள் பாவ்லோவின் லீவு முடிந்துவிட்டது. அவன் மட்டும் ஊருக்குப் போய்விட்டு, பாஸ்போர்ட் கிடைத்ததும் திரும்பி வருவதாக ஏற்பாடு. ஏர்போர்ட் வாசலில் குனிந்து, ஃபோனைப் பார்த்துக் கற்றுக்கொண்ட தமிழில், "நான் போகிறேன்" என்றான். வெண்ணிலாவின் முகம் இறுகிவிட்டது. என் வீட்டுக்காரர் அவன் தோளைத் தொட்டார். "போறேன்னு சொல்லாதீங்க. இங்க யாரும் அப்படிச் சொல்லமாட்டோம். வாரேன்னு சொல்லுங்க." நான் ஆங்கிலத்தில் விளக்கியதும் பாவ்லோ ரகரத்தை உருட்டி உருட்டி, "வாரேன்" என்றான்.

அவள் நம்பவில்லை. அவன் தினமும் வீடியோவில் கூப்பிடுவான்; அவள் கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வாள். இதற்குமுன் போனவர்கள் யாரும் அவளிடம் திரும்பி வந்ததில்லை, பாவம். எலேனா என் சமையலறையில் வந்து அழுதாள். வெங்காயத்தைக் கொடுத்து உரிக்கச் சொன்னேன். வெண்ணிலா என் வீட்டுக்காரரிடம் போய், "அவரு நெசமாலுமே வருவாருங்களா?" என்று கேட்டிருக்கிறாள். "நான் தெனமும் வாரேன்னு சொல்லிப்போட்டுத்தான் தறிக்குப் போறேன். வாரனா இல்லையான்னு நீயே பாரு" என்றிருக்கிறார்.

அன்றிலிருந்து சாயங்காலமானால் கேட்டில் நின்று பார்ப்பாள். அவரும் தறியில் எந்த வேலை இருந்தாலும் போட்டுவிட்டு வந்துவிடுவார். ஒரு நாள் அவிநாசி ரோட்டில் பாலம் கட்டுகிற இடத்தில் வண்டிகள் மாட்டிக்கொண்டு நேரமாகிவிட்டது. எலேனா குடை பிடிக்க, அவள் தூறலில் நகராமல் நின்றாள். வண்டி திரும்புவது தெரிந்ததும் உள்ளே ஓடி, எலேனாவின் ஃபோனை எடுத்துக்கொண்டு வந்து பாவ்லோவைக் கூப்பிடச் சொன்னாள். திரையில் அவன் முகம் வந்ததும் சொன்னாள்: "அப்பா, தாத்தா வந்துட்டாருங்க. நீங்க எப்ப வாரீங்க?"

நட்சத்திரம்

வந்தான். பாஸ்போர்ட்டும் வந்தது. கிளம்புகிற காலையில் நாத்தனார் கோபியிலிருந்து பச்சைக் கண்ணாடி வளையல் அனுப்பியிருந்தார். வெண்ணிலா அதைப் போட்டுக்கொண்டு இரண்டு பேர் கையையும் பிடித்தபடி காரில் ஏறினாள். எலேனா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவேயில்லை. நன்றி என்று அவள் சொன்னாள், நானும் சொன்னேன். யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதில் எனக்குக் குழப்பம்.

இந்தத் தொழிலில் போனவர்கள் ஆன்லைனில் நட்சத்திரம் போடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஒருவர் கொசுவுக்காக ஒன்றைக் குறைப்பார், இன்னொருவர் பக்கத்து வீட்டு நாய்க்காக. ஒரு வாரம் கழித்து எலேனா எழுதியது வந்தது. என் வீட்டுக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டிப் படித்து, எனக்கு ஆங்கிலம் தெரிந்தும் தமிழிலேயே சொன்னார்: "வெந்நீர் வரக் கொஞ்சம் நேரமாகும். நாங்கள் அப்பா அம்மா ஆனது இந்த வீட்டில்தான்."

காலி செய்கிறவர்கள் எல்லாரும் சாவியைக் கொடுத்துவிட்டுத்தான் போகிறார்கள், ஆனாலும் சிலர் போன பிறகு வீடு யாருடையது என்பதில் சொந்தக்காரர்களுக்கே கொஞ்சம் சந்தேகம் வந்துவிடுகிறது.